ஒரே அச்சில் இரண்டு பங்கு

ஒக்டோபர் 18, சனி

காலையில் கார்க் கண்ணாடியில் பனி. இந்த வருடத்தின் முதல் சுரண்டல். சுரண்டியைக் காணவில்லை. காலாவதியான வங்கி அட்டையால் ஒப்பேற்றினேன். எல்லிங்ஸ்ருட்டைத் தாண்டிக் காட்டுப் பாதையில் ஏறும்வரை விரல் நுனி மரத்தபடி.

நாள் முழுக்கத் துவக்குச் சுடும் கிளப்பின் கொட்டிலில் ஈயம் உருக்கல். கொண்டுபோனவை: ஈயத் தகடு, தேன்மெழுகு, மெழுகுதிரி, நான் வேலை செய்கிற பல் லாபில் இருந்து தோல் கையுறை, முகமூடி, பாணும் பிரவுண் சீஸும். மறந்தது: தேநீர்.

ஈயம் இம்முறை பத்தரை மாற்று. ஒரு பல் வைத்தியர் பழைய கிளினிக்கை இடித்தபோது எக்ஸ்ரே அறைச் சுவருக்குள் இருந்த தகடு. எறியப் போனார், கேட்டு வாங்கினேன். நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. கார்ச் சில்லுக்கு ஒட்டுகிற ஈயக் கட்டிகளோடு மாரடித்த காலம் போயிற்று. அது இறுக்கம், எங்கள் துவக்குக்கு ஒத்துவராது. குழல் வாயால் வெடிமருந்தைக் கொட்டி, ஈயச் சன்னத்தைக் கோலால் தள்ளி இறக்கிச் சுடுகிற பழங்காலத் துவக்கு அது. ஈயம் மென்மையாக இருந்தால்தான் வெடிக்கும்போது விரிந்து குழலைப் பிடிக்கும். இல்லாவிட்டால் சன்னம் தன் பாட்டுக்குப் போகும்.

முதலில் வந்த சன்னங்கள் எல்லாம் சுருக்கம், அச்சு இன்னும் குளிர். திரும்பப் பானைக்குள். அச்சு சூடேறியதும் வரிசையாக வந்தன, பளபளவென்று, அடி விளிம்பு கூராக. ஒருமுறை அவசரப்பட்டுச் சூடு கூடி, மேலெல்லாம் மங்கல். அதுவும் பானைக்குள். பல்லுக்கு உறை வார்க்கிற தொழிலில் இத்தனை வருடம் நின்ற கை. இந்தக் கிளப்பில் என்னைவிட நன்றாக வார்க்க ஆள் இல்லை. டயரி என்பதால் எழுதலாம். டயரி இல்லாவிட்டாலும் சொல்வேன்.

பின்னேரம் ஓட் வந்தார். துவக்குகளுக்குப் பொறுப்பு அவர்தான். ஓய்வுபெற்ற தச்சர், ஒரு வசனம் பேச ஒரு கோப்பை கோப்பி வேண்டும். இன்று இரண்டு வசனம் பேசினார். அடுத்த ஞாயிறு இந்தப் பருவத்தின் கடைசிப் போட்டி. எனக்கும் கிளப்பின் மற்றத் தமிழ் ஆள் செந்திலுக்கும் இடையில் யாருடைய இலக்கு அட்டை நல்லதோ, அடுத்த ஒரு வருடத்துக்குக் கிளப்பின் பழந்துவக்கு அவருக்கு.

இதுவரை இரண்டு பேரும் அதை மாறி மாறிச் சுட்டு வருகிறோம். கோடையில் வருகிற பெரிய போட்டிக்கு ஒரு துவக்குக்கு ஒரு ஆள்தான். அது அசல் பழந்துவக்குகளுக்கான பிரிவு, புதிதாகச் செய்த நகலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கிளப்பிடம் அசல் என்று இருப்பது இது ஒன்றுதான்.

எனக்கு அது வேண்டும். சுற்றி வளைத்து எழுத ஒன்றுமில்லை. வேண்டும்.

செந்திலுக்குச் சன்னம் வார்த்துக் கொடுப்பதும் நான்தான். அச்சு ஒன்று, வார்க்கத் தெரிந்த ஆளும் ஒன்று.

ஒக்டோபர் 19, ஞாயிறு

மழை. சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்துச் சன்னம் நிறுத்தல். லாபின் சின்னத் தராசு. ஒத்த எடை ஒரு பக்கம், குறைந்தவை மறுபக்கம். குறைந்தவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழி இருக்கும், அவை திரும்ப உருகப் போகும்.

மகள் அபி எழும்பி வந்தபோது மத்தியானம். கொட்டாவியோடு மேசையைப் பார்த்தாள்.

"அம்மா, மற்ற அம்மாமார் ஞாயிற்றுக்கிழமையிலை என்ன செய்யினம் தெரியுமோ?"

"என்ன செய்யினம்?"

"நித்திரை கொள்ளினம்."

மேசையைத் தொடாதே என்று கலைத்தேன். முடிந்ததும் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் துடைத்தேன். ஈயம் ஈயம்தான், அதோடு விளையாட்டில்லை.

தேறியவற்றை இரண்டு ஐஸ்கிரீம் பெட்டிக்குள் மாறி மாறிப் போட்டேன், பார்க்காமல். பாதி செந்திலுக்கு. வென்றால் சுத்தமாக வெல்ல வேண்டும், பிறகு ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

வாங்க வேண்டியது: அரிசிமா, கற்பூரம், அபிக்குக் குளிர்ச் சப்பாத்து (போன வருடத்தது சின்னதாம்).

ஒக்டோபர் 20, திங்கள். தீபாவளி

லீவு இல்லை. யாரோ ஒருவரின் முன்பல்லு அவசரம் என்று லாபில் தலை நிமிர நேரமில்லை. வீட்டுக்கு வந்தால் படியிலேயே ஆட்டுக்கறி வாசம். என் கணவர் ரவி விடியற்காலை பஸ் ஓட்டிவிட்டு மத்தியானமே வந்து அடுப்பில் நின்றிருக்கிறார். இவர் ஆட்டிறைச்சி சமைத்தால் எதிர்வீட்டு நோர்வேக்காரர் குப்பை கொட்டுகிற சாட்டில் இரண்டு தரம் வாசலைக் கடப்பார்.

சாப்பிடும்போது மெல்லச் சொன்னார். "இந்தமுறை கந்தசஷ்டி ஆறு நாளும் பிடிக்கப்போறன். முழுசா."

அபி: "பஸ் ஓடிக்கொண்டோ? ஹெர்ரெகுட், அப்பா!"

"பின்னேரம் ஒரு நேரம் பாலும் பழமும் எடுப்பன். ஒண்டும் நடக்காது."

வசந்த காலத்தில் அபிக்கு அப்பெண்டிக்ஸ் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வைத்த நேர்த்தியாம். எனக்கு இன்றைக்குத்தான் சொல்கிறார். அந்த இரவு முழுக்க ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம், ஒரு சொல் சொல்லவில்லை மனிதன். கோபம் வந்தது, பிறகு கண் கலங்கியது, பிறகு அவருடைய சோற்றுக் கோப்பைக்குள் இன்னும் கொஞ்சம் கறி போட்டேன்.

"சஷ்டி முடியுமட்டும் வீட்டிலை மச்சம் இருக்கக்கூடாது," என்றார். "ஓம்," என்றேன். மீன், இறைச்சி, முட்டை மட்டும்தான் என் நினைவில் இருந்தது.

ஒக்டோபர் 22, புதன்

மந்தாரம். சஷ்டி முதல் நாள். தொடக்கமே பிரளயம்.

ரவி குளித்து, வேட்டி கட்டி, சாமித்தட்டுக்கு முன்னால் நின்றிருக்கிறார். நெய் முடிந்துவிட்டது. குளிர்ப்பெட்டிக் கதவில் இன்னொரு போத்தல், வெள்ளையாக, கட்டியாக. எடுத்துக் கரண்டியால் தோண்டி விளக்குக்குள் போடப் போகிறார். நான் வாயில் பல்துலக்கியோடு பாய்ந்தேன்.

"அது நெய் இல்லை!"

"பின்னை என்ன?"

"ஆட்டுக்கொழுப்பு. சன்னத்துக்குப் பூசுறது."

கரண்டி அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார், முருகனைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார்.

"நீர் இன்னும் அரை நிமிசம் பிந்தியிருந்தா ஏத்தியிருப்பன். ஆட்டுக்கொழுப்பிலை. முருகனுக்கு."

"ஏத்தேல்லைத்தானே."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை, குரல் இறங்கும். இறங்கியது. "ஊரிலை துவக்குச் சத்தத்துக்குப் பயந்து பங்கருக்குள்ளை கிடந்தனாங்கள். இஞ்சை வந்து நீர் துவக்குக்குக் கொழுப்புக் காய்ச்சுறீர். அதுவும் சாமிச் சாமானுக்குப் பக்கத்திலை வைக்கிறீர்."

போத்தலைத் தூக்கிக்கொண்டு வேட்டியோடும் செருப்போடும் குப்பை அறைக்கு இறங்கிப் போனார். வெளியே பூச்சியத்துக்குக் கீழே. ஜக்கெட்டை மறந்துவிட்டார். நான் கொண்டு போய்க் கொடுக்கவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. பங்கருக்குள் நானும்தான் கிடந்தேன், பத்து வயதுவரை. துவக்கு என்றால் அப்போது எங்கள்மேல் நீட்டுகிற சாமான். இதை நான் பிடிக்கிறேன், என்மேல் ஒருவரும் நீட்டவில்லை. ஒரு சூட்டுக்கும் அடுத்த சூட்டுக்கும் நடுவில் மருந்து அளந்து, கொட்டி, சன்னத்தை இறக்கி, பொறி கிளப்புகிற சின்னச் செப்புத் தொப்பியைத் துவக்கில் மாட்டி, ஒரு பாட்டே பாடி முடிக்கலாம். கேடு என்றால் இலக்கு அட்டைக்கு மட்டும்தான். எத்தனை தரம் சொல்லியாயிற்று. இத்தனை வருடத்தில் இவர் ஒருதரமாவது வந்து பார்த்தாரா? இல்லை.

சரி. வேலை.

சன்னத்துக்குப் பூசுகிற இந்தப் பசை இல்லாமல் சுட முடியாது. மருந்துக் கரி குழலுக்குள் காய்ந்து பிடித்தால் அடுத்த சன்னம் இறங்காது. பசை அந்தக் கரியை இளக்கமாக வைத்திருக்கும். கொழுப்புப் போயிற்று, கடையில் வாங்கினாலும் அதே மச்சம், வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. வேறு வழி தேட அஞ்சு நிமிடம் எடுக்கவில்லை: தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும். பின்னேரம் உருக்கிக் கலந்தேன். வீடெல்லாம் தலைமுழுகுகிற நாள் வாசம்.

"சைவச் சன்னம்," என்றாள் அபி.

வெண்ணெய்போலக் கலந்து வந்தது. ஹீற்றர் போட்ட சமையலறையில் விரல் பட்டாலே வழுக்குகிறது. நாற்றம் இல்லை, பிசுக்கு இல்லை. ஆட்டுக்கொழுப்பைவிடத் திறம். இவ்வளவு நாளும் ஏன் இதைச் செய்யவில்லை? சன்னங்களை ஒவ்வொன்றாகத் தோய்த்துப் பலகையில் நிறுத்தினேன்.

ரவி வந்தார், மணந்து பார்த்தார். மெழுகு போடாமல் மிஞ்சிக் கிடந்த எண்ணெயில் விரலைத் தொட்டு, குளிருக்கு வெடித்த புறங்கையில் பூசிக்கொண்டு போனார். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒக்டோபர் 23, வியாழன்

தூறல். வேலை முடிந்து ட்வெய்ட்டா சென்டரில் செந்திலுக்குப் பெட்டி கொடுக்கல்.

செந்தில் கோயம்புத்தூர்ப் பொடியன், கம்ப்யூட்டர் வேலை, ட்வெய்ட்டா மாடி வீட்டில் தனியே இருக்கிறான். மின்படியில் மேலே நின்றுகொண்டே கத்தினான்.

"அக்கா! குண்டு ரெடியா?"

கீழே மரக்கறிப் பையோடு நின்ற எங்கடை ஆட்கள் இரண்டு பேர் திரும்பினார்கள். குண்டு என்றால் எங்களுக்குத் தலைக்கு மேல் பிளேனில் இருந்து விழுகிறது. ஒருவர் கோயிலில் தெரிந்த முகம், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"தம்பி, சத்தம் போட்டுக் கதையாதையும்."

"ஏங்க்கா, என்ன தப்பா சொல்லிட்டேன்?"

சொன்னேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "புல்லட்டுன்னு சொன்னாலும் பிரச்சனை, குண்டுன்னு சொன்னாலும் பிரச்சனை. நான் என்னதான் சொல்றது? அப்புறம் நீங்க 'கதையாதையும்'னு சொல்றது சரித்திர நாடகத்துல வர்ற மாதிரியே இருக்கு."

பெட்டியைத் திறந்து மோந்தான். "எங்க ஊரு சலூன் வாசம் அடிக்குது."

"சைவம். சஷ்டி ஸ்பெஷல்."

கோப்பி வாங்கித் தந்தான். மரியாதையான பொடியன், ஆனால் துவக்கைத் தோளில் வைத்தால் மரியாதை எல்லாம் போய்விடும், மூச்சுக்கூட விடமாட்டான். நல்ல கை. எழுதப் பிடிக்கவில்லை, எழுதிவிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்க்கா. இப்பவே சொல்லிட்டேன்."

"ஆர் கேட்டது?"

சனிக்கிழமை பயிற்சிக்கு வரமாட்டானாம், அலுவலகத்தில் ஏதோ அவசரம். எனக்கு நல்லது.

ஒக்டோபர் 24, வெள்ளி

லாபில் உலை பழுது. ரவிக்குக் கண்ணுக்குக் கீழே கருமை, ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. கேட்டால், "பசி ரெண்டாம் நாளோடை போயிட்டுது," என்கிறார். கடைசித் தரிப்பிடத்தில் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாராம். பயணிகளுக்கு முருகன் துணை.

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தேன். நாளைக்குக் கடும் குளிராம். காற்று இல்லை. எல்லாம் என் பக்கம்.

ஒக்டோபர் 25, சனி

சுடுதிடலில் பூச்சியத்துக்குக் கீழே நாலு. புல் நுனியெல்லாம் வெள்ளை. சன்னப் பெட்டியைக் காருக்குள் இருந்து எடுத்து வாங்கில் வைத்துவிட்டுச் சாவகாசமாக ஒழுங்கு பண்ணினேன்.

முதல் சூடு கறுப்பு வட்டத்துக்குள். இரண்டாவதும். மூன்றாவது சன்னம் கோலுக்கு முரண்டு பிடித்தது. நாலாவது பாதிக் குழலில் நின்றுவிட்டது. தள்ளினேன். உடம்புப் பாரம் முழுக்கக் கொடுத்துத் தள்ளினேன். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அடியில் மருந்து, இப்படியே சுட்டால் குழல் வெடிக்கும்.

கையைத் தூக்கினேன். எல்லாரும் சுடுவதை நிறுத்தினார்கள். வெட்கம் காதுவரை சுட்டது. ஓட் கோப்பியை வைத்துவிட்டு வந்தார். மருந்தை நனைத்து, நேரம் எடுத்து, திருகு முனைக் கோலால் சன்னத்தை இழுத்தெடுத்தார். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பசை பூசிய பள்ளங்களில் வெள்ளையாக ஏதோ. நகத்தால் தட்டினார், செதிலாகக் கொட்டியது.

"உன் பசை கல்லு," என்றார். ஒரு வசனம்.

தேங்காய் எண்ணெய். குளிருக்கு.

இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து ஒவ்வொரு குளிர்காலமும் தலை எண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணிக்குள் நிறுத்தி இளக்குகிறவள் நான். நேற்றைக்குக்கூட இளக்கினேன்! தலைக்கு வைக்கிற எண்ணெய் வேறு, சன்னத்துக்கு வைக்கிற எண்ணெய் வேறு என்று மூளைக்குள் யார் சுவர் கட்டியது? ஹீற்றர் போட்ட சமையலறையில் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திறம் என்று எழுதியிருக்கிறேன். மூன்று பக்கம் முன்னால் இருக்கிறது, என் கையெழுத்தில். ஒரு நோர்வேக்காரன் செத்தாலும் இந்தப் பிழை விடமாட்டான், அவனிடம் தேங்காய் எண்ணெய் இல்லை.

காருக்குள் வந்து இருந்தபிறகுதான் செந்தில் ஞாபகம் வந்தான். அவனுடைய பெட்டியும் அதே பசை. இன்றைக்குப் பயிற்சிக்கு வரவில்லை, அவனுக்குத் தெரியாது. என்னுடையதை நான் இரவுக்குள் திருத்திவிடுவேன். நாளைக்கு அவனுக்கு மூன்றாவது, நாலாவது சூட்டில் குழல் அடைக்கும், அவ்வளவுதான், துவக்கு எனக்கு. ஏமாற்று இல்லை. பொய் சொல்லத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும்.

சாவியைப் போடாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். கண்ணாடியில் மூச்சு படிந்து வெளியே ஒன்றும் தெரியாமல் போகுமட்டும் இருந்தேன்.

பிறகு செந்திலுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. இன்னொரு தரம். எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றால் என் பிழையில்லை என்று ஒரு குரல். அந்தக் குரலின் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன்: தமிழ்க் கடை, நல்லெண்ணெய் ஒரு போத்தல் (மெழுகு காரிலேயே இருந்தது), நேரே ட்வெய்ட்டா.

கதவைத் திறந்தவன் காதில் ஹெட்போன். "அக்கா? என்னாச்சு?"

"எண்ணெய் உறைஞ்சு போச்சுது, தம்பி. குழல் அடைச்சிட்டுது."

ஒரு கணம் விழித்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான். "அடக் கடவுளே! காலைல நானே தலைக்கு உருக்கித்தானே தேய்ச்சேன்!" இரண்டு பேரும் வாசலில் நின்று சிரித்தோம். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது.

அவனுடைய வீட்டில் இருப்பது ஒரே ஒரு சட்டி. அதில் சுடுதண்ணீர். சன்னங்களைப் போட்டுப் பழைய பசையைக் கழற்றி, துணியால் துடைத்து, உலர்த்தி, மெழுகும் நல்லெண்ணெயும் உருக்கித் திரும்பப் பூசல். என்னுடையவையும் சேர்த்து. ஒன்றைப் பட்டாணிப் பைக்குப் பக்கத்தில் உறைபெட்டிக்குள் வைத்து எடுத்துப் பார்த்தோம். நகம் இறங்கியது. பசை இன்னும் பசை.

துடைத்துக்கொண்டே கேட்டான். "சொல்லாம விட்டிருக்கலாம்லக்கா?"

"விட்டிருக்கலாம்."

"ஏன் விடல?"

"என்ரை சன்னம் அடைச்சா என்ரை பேர்தான் நாறும். நீர் தோக்கிறதெண்டா உம்மடை கையாலை தோக்கவேணும்."

"தோக்கறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

"ஓம்."

அந்தச் சட்டியை இனிச் சமையலுக்கு எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் ரவி வாழைப்பழத்தோடு மேசையில். எங்கே போனீர் என்றார். தொடக்கத்தில் இருந்து சொன்னேன். புதன்கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். "தேங்காயெண்ணெய் உறையுமெண்டு உமக்கு ஓட்தான் வந்து சொல்லவேண்டிக் கிடக்கு!" பழம் புரையேறும்வரை சிரித்தார். சிரிக்கட்டும். வெறும் வயிறு.

இன்றிரவு மணிக்கூடு ஒரு மணி பின்னுக்கு. கூடுதல் நித்திரை.

ஒக்டோபர் 26, ஞாயிறு

வெயில். குளிர். புகை அசையாமல் நின்றது, அவ்வளவு அமைதி.

சீட்டுக் குலுக்கியதில் செந்தில் முதலில். அவன் இறக்கிய ஒவ்வொரு சன்னத்தையும் நான் பின்னால் நின்று பார்த்தேன். முரண்டு இல்லை, கோல் ஒரே மூச்சில் போய் வந்தது. நல்லெண்ணெய் வேலை செய்கிறது. திரும்பி என்னைப் பார்த்துக் கண் அடித்தான். "இட்லிப் பொடி வாசம் வருதுக்கா!" பிறகு முகம் மாறியது, மூச்சு நின்றது, சுட்டான். சுட்டுக்கொண்டே போனான். நன்றாகச் சுட்டான். சனியன், நன்றாகச் சுட்டான்.

ஓட் குழலைத் துடைத்து என்னிடம் தந்தார்.

துவக்கு தோளில் உட்கார்ந்தது. ஒன்பது சூடு. தொலைகாட்டியில் அட்டையைப் பார்த்துப் பார்த்துக் கணக்கு வைத்தேன். கடைசிச் சூட்டில் ஒன்பது எடுத்தால் சமன், பத்து எடுத்தால் எனக்கு. அதுவரை விழுந்தவை எல்லாம் ஒன்பதும் பத்தும்தான். எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

மருந்து கொட்டி, சன்னத்தை இறக்கி, நிமிர்ந்தபோது வேலிக்கு அப்பால் பஸ் கம்பனி ஜக்கெட். ரவி. இரண்டு காதுக்குள்ளும் விரல். இன்னும் ஒருவரும் சுடவில்லை, அதற்குள் விரல். பக்கத்தில் அபி, கையில் தேநீர்ப் போத்தல், என்னைப் பார்த்துப் பெருவிரலைத் தூக்கினாள்.

நெஞ்சு துள்ளியது. அப்போது துவக்கை இறக்கி வைத்திருக்க வேண்டும். நேரம் இருந்தது. மூச்சு எடுத்து, தண்ணீர் குடித்து, திரும்பத் தொடங்கியிருக்கலாம். புதிதாக வருகிற ஆட்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். இவர் பார்க்கிறார் என்று ஒரு அவசரம். தூக்கினேன், சுட்டேன்.

எட்டு. இடப் பக்கம்.

ஓட் இரண்டு தரம் எண்ணினார். ஒரு புள்ளி. துவக்கு செந்திலுக்கு.

அவன் கையை நீட்டினான், பிறகு கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தான். "அக்கா... சாரிக்கா."

"சாரி என்னத்துக்கு? வெண்டிட்டீர். கொண்டுபோம்."

பெட்டிக்குள் வைத்துக் காரின் பின்னால் ஏற்றினான். கதவு மூடுகிற சத்தம் கேட்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேநீரை ஊற்றித் தந்தார், தனக்கு ஊற்றவில்லை. "முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"பெரிய சத்தம்தான்."

"பயந்து போனியளோ?"

"ஓம். நான் ரெண்டு அடி பின்னுக்குப் போயிட்டன். நீர் அசையேல்லை. அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

நான் அசைந்தேன் என்று சொல்லவில்லை. அந்த எட்டு யாரால் வந்தது என்று இவருக்குச் சொல்லமாட்டேன். ஒருநாளும் சொல்லமாட்டேன். அடுத்தமுறை வராமல் விட்டுவிடுவார்.

ஒக்டோபர் 27, திங்கள்

மழையும் பனியும் கலந்து. உள்ளுக்குள் எரிகிறது. நித்திரை இல்லை. லாபில் ஒரு உறையை இரண்டாம் தரம் செய்யவேண்டி வந்தது, அது என் வழக்கம் இல்லை.

ஒரு புள்ளி! என் ஈயம், என் வார்ப்பு, என் பசை. என் சன்னத்தாலேயே என்னை அடித்துவிட்டுப் போகிறான். அவனில் கோபம் இல்லை. என்னில் கோபம். இல்லை, அவனிலும் கொஞ்சம்.

பின்னேரம் கோயில் மண்டபத்தில் சூரன்போர். சூரனைத் தூக்கினவர்கள் கதிரைகளுக்கு நடுவில் ஓடினார்கள், பிள்ளைகள் கத்தினார்கள். ரவி முன்வரிசையில், கண்ணாலே தண்ணீர். ட்வெய்ட்டாவில் பையை அணைத்த அக்கா கிட்ட வந்து, "அந்தக் குண்டு விசயம் என்னமாதிரி?" என்றார். மிக மரியாதையாக. தோற்றுவிட்டேன் என்றேன். "நல்லது பிள்ளை," என்று என் கையைத் தடவினார். கடவுளே.

திரும்பி வரும்போது பின்சீட்டில் இருந்து அபி. "அம்மா, செந்தில் மாமாக்குச் சொல்லாமல் விட்டிருந்தா?"

"துவக்கு இப்ப என்னட்டை இருந்திருக்கும்."

"சொன்னது கவலையோ?"

"ஓம். கொஞ்சம்."

கார் ஓட்டிக்கொண்டிருந்த ரவி என் பக்கம் பார்த்தார். பிறகு சிக்னல் போட்டுக் காரைத் திருப்பினார்.

ஒக்டோபர் 28, செவ்வாய்

பாறணை. ரவி ஆறு மரக்கறியோடு சோறு சாப்பிட்டார், பிறகு கதிரையிலேயே நித்திரை. போர்த்து விட்டேன். அபிக்குக் கணிதச் சோதனை, பரவாயில்லையாம். சப்பாத்து இன்னும் வாங்கவில்லை.

நவம்பர் 1, சனி

நிலமெல்லாம் வெள்ளை. ஓட் போன் எடுத்தார், பனி மூடினால் கொட்டில் பாதை அடைபடும், செந்திலுக்கு வசந்தம்வரை சன்னம் வேண்டும், வார்க்கலாமா என்று கேட்டார். ஒரு வசனம்தான், ஆனால் கேட்பதற்கு முன்னால் நெடுநேரம் மூச்சு வாங்கினார். வேறு ஆளைப் பார் என்று வாய்வரை வந்தது. வேறு ஆள் இல்லை. கெட்ட சன்னம் என் பெயரில் போக நான் விடப்போவதும் இல்லை.

போனேன். இம்முறை தேநீர் மறக்கவில்லை. தகட்டில் மிச்சம் இருந்ததை வெட்டிப் பானையில் போட்டேன். முதல் சில சுருக்கம், பிறகு ஒழுங்காக. கோபத்தில் வார்த்தால் கை பிசகும் என்று நினைத்தேன். பிசகவில்லை. இதுவரை வார்த்ததிலேயே திறமானவை இன்று வந்தவை. தராசில் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கின்றன.

அவ்வளவும் அவனுக்கு. பெட்டிக்குள் அடுக்கி மூடியில் அவன் பெயர் எழுதினேன்.

துவக்கு அவனிடம் ஒரு வருடம்தான். பெட்டியைத் திறந்து, ஒன்றை மட்டும் எடுத்தேன். அடி விளிம்பு நூல் பிடித்த மாதிரி, மேலே ஒரு கீறல் இல்லை. கைக்குள் இன்னும் சூடு. சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அது அடுத்த ஒக்டோபருக்கு.